இலையில் விழுவதும் செயலியில் ஏறுவதும்

வாசகர் கேள்வி – பதில்

சாப்பிடுவதைக் கைப்பேசியில் குறித்து வைப்பது பற்றி காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். கலோரி என்று கீழே வருவதெல்லாம் கிலோகலோரிதான். பேச்சு வழக்கை ஒட்டி 'கிலோ'வை விட்டிருக்கிறோம்.

செயலியில் 'மண்டி' என்று தேடினால் அரபு நாட்டு ஆட்டுக்கறிச் சோறு வந்து நிற்கிறது. எங்கள் வீட்டு வெண்டைக்காய் மண்டியை எதன் பெயரில் பதிவது?
— வாசகி, காரைக்குடி

உங்கள் வீட்டு மண்டி என்ற பெயரிலேயே பதியுங்கள். பெரும்பாலான செயலிகளில் 'ரெசிப்பி' என்றோ 'என் உணவுகள்' என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் அடுத்த முறை பெயரைத் தட்டி, எத்தனை கிராம் என்று போட்டால் போதும். அந்த ஒரு தடவைக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

சமைக்கப்போகும் பாத்திரத்தைக் காலியாக நிறுத்து, எடையைக் கைப்பேசிக் குறிப்பில் போட்டுவையுங்கள். 1,180 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெண்டைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி எல்லாவற்றையும் நறுக்கிக் கழித்தபின் நிறுக்க வேண்டும். மொச்சையை ஊறவைக்கும் முன்பே நிறுத்துவிடுங்கள். ஊறினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்கு வந்துவிடும். ஊறிய எடையைப் போட்டுவிட்டுக் காய்ந்த மொச்சையின் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் புரதமும் கலோரியும் இரட்டிப்பாகக் காட்டும். எண்ணெய்க்குக் கரண்டிக் கணக்கு வேண்டாம். தாளிக்கும் முன் நல்லெண்ணெய் பாட்டிலை ஒரு தடவை, அடுப்பை அணைத்தபின் ஒரு தடவை நிறுத்தால் வித்தியாசம்தான் நீங்கள் ஊற்றியது. நடுவில் 'இன்னும் கொஞ்சம்' என்று விட்டதும் அதற்குள் வந்துவிடும். மண்டிக்கு ஊற்றும் அரிசிக் கழுநீரில் இருக்கும் மாவு சொற்பம், அதை விட்டுவிடலாம்.

இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுங்கள். 2,640 கிராம் வந்தால் மண்டி மட்டும் 1,460 கிராம். ஊற்றிய எண்ணெய் 60 கிராம் என்றால், 110 கிராம் பிடிக்கும் ஒரு குழிக்கரண்டியில் 4.5 கிராம் எண்ணெய். அதாவது கரண்டிக்கு ஒரு டீஸ்பூன், 40 கலோரி, எண்ணெயில் மட்டும். மற்ற பொருள்களின் கணக்கைச் செயலியே போட்டுக்கொள்ளும்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மண்டியும் காரக்குழம்பும் மறுநாள் சுண்ட வைத்தால்தான் ருசி. சுண்டும்போது தண்ணீர்தான் போகிறது, எண்ணெய் அங்கேயே இருக்கிறது. 700 கிராம் மிச்சம் இருந்து சுண்டி 560 கிராமானால், அதே கரண்டியில் 4.5 கிராமாக இருந்த எண்ணெய் 5.7 கிராமாகிவிடும். மறுநாளும் பாத்திரத்தை ஒரு முறை தராசில் வைத்துப் பார்த்து மொத்த எடையை மாற்றிவிட்டால் கணக்கு நேராகும்.

பெயர்க் குழப்பம் மண்டியோடு நிற்பதில்லை. 'பணியாரம்' என்று தேடினால் குழியில் சுடும் பணியாரமோ, மராட்டியர்களின் அப்பேயோ வரும். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரிப்பது. அந்தக் கணக்கை இதற்கு எடுத்துக்கொண்டால் பொரித்த எண்ணெய் முழுக்க விட்டுப்போகும்.

பொரிக்கிற பலகாரத்துக்கு எண்ணெய்க் கணக்கு எப்படி? இருப்புச்சட்டியில் முக்கால் லிட்டர் ஊற்றுகிறோம். அத்தனையுமா உள்ளே போகிறது?
— வாசகர்கள், பள்ளத்தூர், கானாடுகாத்தான்

ஊற்றியதையும் போடக்கூடாது, செயலி காட்டும் பொதுக் கணக்கையும் நம்பக்கூடாது. பொரிக்கும் முன் எண்ணெயோடு சட்டியை நிறுங்கள். பொரித்து முடித்து, எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், மிதக்கும் தூளை வடிகட்டி எடுத்துவிட்டு மறுபடி நிறுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் பலகாரத்தோடு போனது. சட்டி சுடச்சுடத் தராசில் ஏறினால் தராசின் தட்டு உருகும். உருகாவிட்டாலும் உள்ளே இருக்கும் உணர்கருவி சூட்டில் தடுமாறி எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். தலைதட்டிய ஓர் உழக்குப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாகக் குவித்த உளுந்து என்பது வீட்டு அளவு. ஏட்டில் உழக்கு 336 மில்லி. உங்கள் வீட்டு உழக்கு நெளிந்து போயிருக்கலாம், குவிக்கிற கையும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அளந்தபின் ஒரு முறை நிறுத்துவிடுங்கள். அரிசி 250, உளுந்து 60, பால் 50 மில்லி, சர்க்கரை 5 கிராம் என்று வந்தால் கணக்கு இப்படிப் போகும்: அரிசியில் 890 கலோரி, உளுந்தில் 194, பாலில் 35, சர்க்கரையில் 20. சட்டி 1,310 கிராமிலிருந்து 1,222க்கு இறங்கியிருந்தால் எண்ணெய் 88 கிராம். கிராமுக்கு 9 வீதம் 792 கலோரி. மொத்தம் 1,931. இருபத்துநாலு பணியாரம் வந்திருந்தால் ஒன்றுக்கு 80 கலோரி. அதில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது.

இதே மாவு இன்னொரு நாள் இன்னொருவர் கையில் 120 கிராம் எண்ணெய் குடிக்கலாம். எண்ணெய் சரியாகக் காயாமல் மாவை விட்டால் ஆவி வேகமாக வெளியே தள்ளாது, எண்ணெய் உள்ளே புகும். மாவு நீர்த்துப்போனாலும் அதே கதை. இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: எண்ணெயில் பெரும்பகுதி பொரியும்போது உள்ளே போவதில்லை, வெளியே எடுத்து ஆறும்போதுதான் போகிறது. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. எடுத்தவுடன் சூட்டிலேயே கண் தட்டில் ஒற்றை அடுக்காக வடியவிட்டால் குறையும். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்தால் கூடும். அதிரசத்தை அழுத்திப் பிழிகிற வீடுகளில், பிழிந்த எண்ணெயையும் சட்டியில் சேர்த்தபிறகே இரண்டாம் முறை நிறுக்க வேண்டும்.

தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடைக்கும் இதே வழிதான். சீடையை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், நூறு கிராமுக்கு எவ்வளவு என்று ஏற்றிவையுங்கள். மாவுருண்டையில் பொரிப்பே இல்லை. பருப்பு மாவு, சர்க்கரை, நெய் மூன்றின் கலோரியைக் கூட்டி உருண்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தீர்ந்தது.

200 கிராம் சோறு என்று போட்டேன், 712 கலோரி காட்டுகிறது. என் மனைவி கைப்பேசியில் அதே சோறு 260. யாருடையது சரி?
— வாசகர், தேவகோட்டை

உங்கள் மனைவியுடையது. நீங்கள் பச்சை அரிசியின் கணக்கைத் தொட்டுவிட்டீர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. தீட்டிய அரிசிக்கு 100 கிராமில் 356 கலோரி. அது வேகாத அரிசி. வெந்தால் தண்ணீரை வாங்கிக்கொண்டு இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு எடைக்குப் போகிறது. 300 கிராம் அரிசி 840 கிராம் சோறானால், 100 கிராம் சோற்றில் 127 கலோரி. குக்கரில் வைப்பதற்கும் வடிப்பதற்கும் எடை மாறும் என்பதால் உங்கள் வீட்டு அரிசிக்கு ஒரு தடவை இதைப் போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசிப் பை மாறினால் மறுபடி.

அந்த அட்டவணை ஆற்றலைக் கிலோஜூலில் கொடுக்கிறது. அரிசிக்கு 1,491. யாரோ ஒரு பயனர் அதையே கலோரி என்று செயலியில் ஏற்றி வைத்திருந்தால் நாலு மடங்கு பிழை. 4.184ஆல் வகுத்தால் கலோரி வரும். சந்தேகம் வருகிற எந்தப் பதிவுக்கும் ஒரு சோதனை உண்டு: மாவுச்சத்து கிராமை 4ஆல், புரதத்தை 4ஆல், கொழுப்பை 9ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். காட்டியிருக்கும் கலோரிக்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் அந்தப் பதிவைத் தொடாதீர்கள். 'இட்லி 1' என்ற பெயரில் ஒரே செயலியில் ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலைந்து எண்கள் கிடப்பதற்குக் காரணம், அவற்றை ஏற்றியவர்கள் ஒவ்வொருவர் வீட்டு இட்லித் தட்டும் வெவ்வேறு அளவு என்பதுதான்.

படம் எடுத்தாலே கலோரி சொல்லும் செயலிகள் வந்துவிட்டனவே. கல்யாண இலையைப் படம் எடுத்தால் சரியாகச் சொல்லுமா?
— வாசகி, காரைக்குடி

இலையில் இருப்பது வடை என்று சொல்லிவிடும். எவ்வளவு பெரிய வடை, எவ்வளவு எண்ணெய் குடித்த வடை என்பது படத்தில் இல்லை. சோற்றுக்கு அடியில் ஓடிய நெய்யும், குழம்பில் கரைந்த தேங்காய் விழுதும் எந்தக் கேமராவுக்கும் தெரியாது. பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரிகிற ஒற்றைப் படத்திலிருந்து கன அளவை ஊகிப்பதுதான் இந்தச் செயலிகளுக்கு இன்றும் கடினமான வேலை.

ஆனாலும் படம் வீண் இல்லை; நினைவுக்கு அது நல்ல துணை. லூசியானாவின் பென்னிங்டன் ஆய்வு மையத்தில் வகுத்த முறையில், சாப்பிடும் முன் ஒரு படம், சாப்பிட்டு முடித்தபின் ஒரு படம், இரண்டையும் ஒப்பிட்டு ஆள் ஒருவர் கணக்கிடுவார். முன் படம் மட்டும் இருந்தால் இலையில் வைத்ததுதான் தெரியும், வயிற்றுக்குள் போனது தெரியாது.

பந்தியில் செய்ய வேண்டியது: சோறு விழும் முன், தொடுகறிகள் எல்லாம் பரிமாறி முடித்த நிமிடத்தில் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் ஒரு படம். நேர் மேலிருந்து எடுத்தால் குவியலின் உயரம் போய்விடும். இலை ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். மற்றவற்றின் அளவுக்கு அது பிடிமானம். ஏ.டி.எம். அட்டையும் உதவும், நீளம் 8.56 சென்டிமீட்டர். அட்டையில் இருக்கும் எண்கள் படத்தில் தெரியாமல் மறைத்து வையுங்கள். பிறகு சோறு எத்தனை முறை, குழம்பு எத்தனை கரண்டி என்பதை விரலில் எண்ணிக்கொள்ளுங்கள். இலையை மூடும் முன் இரண்டாவது படம். பதிவை வீட்டுக்கு வந்து நிதானமாகப் போடலாம். பக்கத்து இலைக்காரர் 'என்ன, சாப்பாட்டைப் படம் பிடித்துக்கொண்டு' என்று கேட்பார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஆத்தா ஊரில் தனியாக இருக்கிறார்கள், 74 வயது. அவர்கள் சாப்பிடுவதை நான் இங்கிருந்து குறிக்க முடியுமா? அவர்களுக்குத் தட்டச்சு வராது, செயலியும் வராது.
— வாசகர், சிங்கப்பூர்

முடியும். ஆத்தா கையில் செயலியே வேண்டாம், அது உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். அவர்கள் செய்ய வேண்டியது ஒரு படம், ஒரு குரல் பதிவு. அதற்கும் ஒரு முறை பழக்கிவிடுங்கள்: என்ன, எத்தனை, எவ்வளவு மிச்சம். "இட்லி மூணு, கோசமல்லி ரெண்டு கரண்டி, அரை இட்லி வச்சுட்டேன்" என்று சொன்னால் உங்களுக்குப் போதும். ஊருக்கு வரும்போது அவர்கள் புழங்கும் கரண்டி, டம்ளர், கிண்ணத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றி நிறுத்துக் குறித்துக்கொண்டு போங்கள். தண்ணீரில் ஒரு கிராம் ஒரு மில்லி.

இந்த ஏற்பாடு சறுக்குகிற இடம் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு ஒன்பதரைக்கு அங்கே நள்ளிரவு. ஆத்தா ஒன்பதரைக்குமேல் குடிக்கும் பாலை நீங்கள் உடனே பதிந்தால் செயலி அதை மறுநாள் கணக்கில் போட்டுவிடும். ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் கூடவும் தெரிவதற்கு இது போதும். பதிவின் தேதியைக் கையால் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் நிற்கும். அது ஆத்தாவுக்குச் சிரமம் என்றால் குரல் பதிவிலேயே "காலம்பற எட்டு மணி" என்று சொல்லச் சொல்லுங்கள். கனத்த சுவர் வைத்த பழைய வீடுகளில் உள்கட்டில் சிக்னல் கிடைக்காது. அவர்கள் முற்றத்துக்கோ முகப்புக்கோ வந்தபிறகு நாலைந்து செய்தி சேர்ந்து வந்து விழும், பயப்பட வேண்டாம்.

படம் வராத நாளில் இரவு பேசும்போது கேளுங்கள். 'நல்லாச் சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்றுதான் பதில் வரும். எழுந்ததிலிருந்து வரிசையாக வாருங்கள்: எழுந்ததும் என்ன குடித்தீர்கள், பலகாரம் எத்தனை மணிக்கு, யார் வந்தார்கள், அவர்களோடு என்ன சாப்பிட்டீர்கள். முடித்தபின் இரண்டாம் சுற்று: விட்டுப்போனது ஏதாவது, காப்பியில் சர்க்கரை எத்தனை, இடைப்பலகாரம் உண்டா.

இந்த வயதில் கலோரியைவிட நீங்கள் பார்க்க வேண்டிய எண் புரதம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 50 கிலோ எடைக்கு 42 கிராம் சுமார். ஒரு முட்டையில் 6, 200 மில்லி பாலில் ஆறரை, 30 கிராம் பருப்பில் 7. இட்லி, ரசம் சாதம், மோர் சாதம் என்றே ஓட்டுகிறவர்களுக்கு இது எட்டாமல் போவது சகஜம். ஒரு வாரப் பதிவில் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கவுனி அரிசி கறுப்பரிசிதானே, சாப்பிடலாம் என்கிறார்கள். செயலியில் எப்படிப் போடுவது?
— வாசகர், தேவகோட்டை

கவுனியின் கறுப்புத் தோலில் நல்ல நிறமிச் சத்துகள் உண்டு, நாரும் தீட்டிய அரிசியைவிடக் கூடுதல். மாவுச்சத்தின் மொத்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட, நம் வீடுகளில் கவுனி சாப்பிடுவது சோறாக இல்லை, இனிப்பாக. 100 கிராம் கவுனிக்கு 75 கிராம் சர்க்கரை, 50 கிராம் தேங்காய், 20 கிராம் நெய் என்று போட்டால் மாவுச்சத்து மொத்தம் 150 கிராமைத் தாண்டும். நாலு பங்கில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட 39 கிராம். அதில் பாதி வெறும் சர்க்கரை. தோலின் பெருமையெல்லாம் அங்கே எடுபடாது. 'கறுப்பரிசி, வேகவைத்தது' என்ற பதிவைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பாதி காணாமல் போகும். முதல் கேள்வியில் சொன்னபடி ரெசிப்பியாக ஏற்றுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் செயலியில் கலோரியைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வேளைக்குமான மாவுச்சத்தை முன்னால் வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் சோற்றில் 28 கிராம் சுமார். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்த எண்ணையும் அதே வரியில் எழுதுங்கள். எது உங்களுக்கு ஏற்றுகிறது என்று பத்து நாளில் தெரியும். இன்சுலின் போடுகிறவர்கள் செயலியின் எண்ணைப் பார்த்துத் தாங்களே அளவை மாற்றக்கூடாது. பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் பதிகிறேன். தினம் 1,300 கலோரிதான் காட்டுகிறது. எடை இம்மி குறையவில்லை. செயலி பொய் சொல்கிறதா?
— வாசகி, புதுவயல்

நீங்கள் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாள் தேவை 1,660 கலோரி என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. உண்மையிலேயே 1,300 என்றால் மூன்று மாதத்தில் எடை இறங்கியிருக்கும். தைராய்டு போன்ற காரணம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் பதிவுக்கு வெளியே ஏதோ உள்ளே போகிறது. இது உங்கள் தவறு மட்டும் இல்லை. அணுக்களில் அடையாளம் இட்ட தண்ணீரைக் குடிக்கவைத்து, உடல் செலவழிக்கும் ஆற்றலை அளக்கும் முறை ஒன்று உண்டு. அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரும்பாலான ஆய்வுகளில், மக்கள் தாங்கள் சாப்பிடுவதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறோம். முதலில் காப்பி. நாளைக்கு நாலு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. பாலையும் சேர்த்தால் 350ஐ நெருங்கும். 'காப்பி' என்று தேடி முதலில் வந்த, பால் இல்லாத 2 கலோரிக் காப்பியைத் தொட்டிருந்தால் முழுக் குற்றவாளி கிடைத்துவிட்டார். அடுத்து எண்ணெய், மேலே சொன்னது. மூன்றாவது, சமைக்கிறவருக்கே உரியது: உப்புப் பார்க்க எடுக்கும் வாய், பிள்ளைகள் வைத்த மிச்சம், தூக்கிலிருந்து போகிறபோக்கில் எடுக்கும் தேன்குழல். ஒரு நாளைக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தை அடுப்படியில் வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடாத எதையும் வாயில் போடுவதற்குப் பதில் அதே அளவை அதில் போடுங்கள். ராத்திரி நிறுத்துப் பாருங்கள்.

நான்காவது, நடை. பல செயலிகள் நடந்த அடிகளைக் கலோரியாக்கி, அவ்வளவு கூடுதலாகச் சாப்பிடலாம் என்று கணக்கில் வரவு வைக்கும். தொடங்கும்போதே 'சுறுசுறுப்பான வாழ்க்கை' என்று தேர்ந்தெடுத்திருந்தால் அந்த நடை ஏற்கெனவே சேர்ந்துவிட்டது; இப்போது இரண்டாம் முறை சேர்கிறது. அமைப்புகளில் போய் அந்த வரவை நிறுத்துங்கள்.

எடையையும் ஒரு நாள் எண்ணாகப் பார்க்காதீர்கள். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தின ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். முந்தின நாள் கருவாடோ உப்புக்கண்டமோ சாப்பிட்டிருந்தால் உடம்பில் தண்ணீர் நின்று எடை கூடத் தெரியும். அது கொழுப்பு இல்லை. இனி தினமும் பதிய வேண்டியதும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு, அந்த மூன்று நாளும் ஒரு பருக்கை விடாமல். அது மூன்று மாத அரைகுறைப் பதிவைவிட மேல்.

உப்பைச் செயலியில் எப்படிக் கணக்கிடுவது?
— வாசகர், கோட்டையூர்

செயலியைவிட உப்பு ஜாடி நன்றாகச் சொல்லும். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்த தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் போடுங்கள், தீர்ந்த தேதியையும் போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம். பரிந்துரை 5 கிராமுக்குள். ஊறுகாய் போட்டது, வற்றலுக்குப் போனது, மீன் கழுவியது இவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் அப்பளமும் ஊறுகாயும் இதற்கு மேல் கூடுதல். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 2,000 மில்லிகிராம் சோடியம் 5 கிராம் உப்பு.

எண்ணெய்க்கும் இதே தந்திரம் உதவும். 2,000 கலோரி சாப்பாட்டில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டைப் பாருங்கள். பொரித்து மிஞ்சிக் கொட்டியது இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

பத்தாவது படிக்கும் மகள் கலோரி எண்ணத் தொடங்கியிருக்கிறாள். நல்ல பழக்கம்தானே?
— வாசகி, காரைக்குடி

இல்லை. வளர்கிற வயதில் எண்ணைப் பார்த்துச் சாப்பிடுவது வேண்டாம். செயலிகளின் கணக்கு பெரியவர்களுக்கானது. வேளை தவறுவது, குடும்பத்தோடு உட்காராமல் தனியாகச் சாப்பிடுவது, பதியாமல் சாப்பிட்டுவிட்டால் அழுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திட்டாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவளுக்கு ஆர்வம் இருந்தால் மேலே சொன்ன பணியாரக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், வீட்டுக்கும் உதவும்.

நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது யாருக்குப் போகிறது?
— வாசகர், தேவகோட்டை

நிறுவும்போது தொடர்பு எண்கள், இருப்பிடம் இரண்டையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக் கணக்குக்கு அவை தேவையில்லை. கேமராவுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். பெயருக்குப் பதில் ஏதாவது ஒன்றைப் போடலாம். வயது, உயரம், எடை மட்டும் உண்மையாக இருக்கட்டும். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கினால் உங்கள் தகவல் அழிந்துவிடாது, அது அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும். முதலில் அமைப்புகளில் 'கணக்கை அழி' என்பதைத் தட்டிவிட்டு, பிறகு செயலியை நீக்குங்கள். இதற்கெல்லாம் தயங்குகிறவர்கள் கூகுள் தாளில் நாலு கட்டம் போட்டு எழுதலாம்: நேரம், பொருள், கிராம், குறிப்பு. ஹைதராபாத் நிறுவனமே 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' என்று ஒரு செயலி வெளியிட்டிருக்கிறது. இந்திய உணவு அட்டவணைதான் அதற்கு அடிப்படை.

எந்தத் தராசு வாங்குவது?
— பலர்

5 கிலோ வரை தாங்குவது, ஒரு கிராம் துல்லியம், மேலே வைத்த பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் 'டேர்' பொத்தான் உள்ளது. வெண்கலப் பானையும் இருப்புச்சட்டியும் ஏறுவதால் 2 கிலோ, 3 கிலோத் தராசு நம் அடுப்படிக்குக் காணாது. வாங்கியதும் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். உறையோடு 1,000க்குச் சற்றுமேல் காட்ட வேண்டும். சமமான மேடையில் வையுங்கள், நாலு காலும் பதிய வேண்டும். பெருங்காயம், மிளகு போல ஐந்து கிராமுக்குக் குறைந்ததை இதில் நிறுக்காதீர்கள். எண்ணெயைத் தராசின் மேலிருக்கும் கிண்ணத்தில் நூலாக விட்டால் பல தராசுகள் அந்தச் சிறு மாற்றத்தைத் தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும், ஐந்தாறு கிராம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதனால்தான் பாட்டிலை நிறுக்கச் சொன்னோம். எண் தடுமாறினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.